தலைமாட்டில் ஓர் இருக்கை

பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டில் தங்கியிருந்ததைச் சென்ற இதழில் எழுதியபோது, அங்கே ஓர் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போய்வந்ததை நாலே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அமெரிக்கா போகிறவர்கள் நயாகராவைப் பார்ப்பார்கள், நியூயார்க்கைப் பார்ப்பார்கள். நீங்கள் ஏனம்மா, ஆம்புலன்ஸ் நிலையத்தைத் தேடிப் போனீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: நயாகராவும் பார்த்தேன் ஐயா. பென் ஹில்ஸில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் மூன்று தடவை போனேன். ஆனால் 32 வருடம் கேஷுவாலிட்டியில் நின்று பழகிய உடம்பு இது. சைரன் கேட்டால் இன்னமும் தானாக எழுந்துவிடுகிறேன்.

மூன்று ஆறுகளும் குன்றுகளும் சேர்ந்த ஊர் பிட்ஸ்பர்க். குன்றின்மேல் ஏறிப்போக 1870-இல் போட்ட கம்பிவட ரயில் இன்றைக்கும் ஓடுகிறது. மகன் குடியிருக்கும் தெருவும் ஒரு சரிவுதான். பிப்ரவரி மாதம், தெருவெல்லாம் பனி. ஒரு நாள் விடியற்காலையில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் நின்று பார்த்தேன். இறங்கிய இரண்டு பேரும் ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். வீட்டுக்குள் போனவர்கள் கால் மணி நேரம் வெளியே வரவே இல்லை. என் மருமகள் பதறிப்போனாள். "தூக்கிக்கிட்டு ஓடாம உள்ளேயே என்னத்தை பண்றாங்க?" என்றாள். "வைத்தியம் ஆரம்பிச்சாச்சும்மா" என்றேன். வெளியே வந்தபோது பாட்டி ஸ்ட்ரெச்சரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், கையில் டிரிப்.

பாட்டி தேறி வீட்டுக்கு வந்த பிறகு, மகன் அந்த நிலையத்தில் விசாரித்தான். அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டதும் உடனே வரச் சொல்லிவிட்டார்கள். என் மகன் வயதிருக்கும் ஒருவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, கை கொடுத்து என்னை ஏற்றிவிட்டார். சக்‌ஷன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், மானிட்டர், நாக்கை ஒதுக்கித் தொண்டைக்குள் பார்க்க அளவு வாரியாக அடுக்கிய லாரிங்கோஸ்கோப் பிளேடுகள் என்று ஒவ்வொன்றும் நான் எங்கே தேடுவேனோ அங்கேயே இருந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில், பின்கதவைப் பார்த்தபடி ஒற்றை இருக்கை ஒன்று. "உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். நோயாளியின் நெற்றி என் முழங்காலுக்கு நேரே வரும். இரண்டு கையையும் நீட்டினால் தாடை. தலையைத் தூக்காமலே மானிட்டர் தெரிகிறது, வலது கைக்கு எட்டும் தூரத்தில் வாயில் சேரும் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய். எங்கள் வார்டில் கட்டில்களைத் தலைமாடு சுவரோடு ஒட்டித்தான் போட்டிருப்போம். யாருக்காவது மூச்சு நின்றால் முதல் வேலையாகக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, அந்த இடுக்கில் புகுந்து தலைமாட்டுக்குப் போகவேண்டும். எத்தனை தடவை இழுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஓடும் வண்டிக்குள் அந்த இடத்தை முதலிலேயே யோசித்து விட்டுவைத்திருக்கிறார்களே என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த ஒரு மேட்டைக் காட்டினார். "இந்தத் தொழில் அங்கேதான் பிறந்தது. ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் ஆம்புலன்ஸ் சேவை இருந்ததே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

நான் கேள்விப்பட்டதே இல்லை. அவ்வளவு வருடம் அந்த வேலையிலேயே இருந்தவளுக்கு அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த இரண்டு வாரமும் ஹைன்ஸ் வரலாற்று மையம், நூலகம், அந்த மேட்டுத் தெருக்கள் என்று அதையே விசாரித்துக்கொண்டு திரிந்தேன்.

கேள்வி: அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சவ ஊர்தியில்தான் நோயாளிகளைக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா?
– வாடகை வேன் ஓட்டுநர் ஒருவர்

பதில்: நிஜம்தான் தம்பி. 1966-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதி, இறுதிச் சடங்கு நடத்தும் 12,000 பேர் கையில் இருந்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். மனிதனை நீட்டிப் படுக்கவைக்க இடமுள்ள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. முந்தைய ஒரே ஆண்டில், 1965-இல், விபத்துகளில் மட்டும் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். அதில் 49,000 பேர் வாகன விபத்தில். கொரியா, வியட்நாம் போர்முனைகளிலிருந்து திரும்பிய நிபுணர்கள், பலமாக அடிபட்டவன் பிழைப்பதற்கு நகரத்துத் தெருவைவிடப் போர்க்களத்தில் வாய்ப்பு அதிகம் என்று வெளிப்படையாகவே சொன்னதையும் அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் அந்த வேலையைப் போலீஸ் பார்த்தது. கைதிகளை ஏற்றும் அதே வேன்தான். இரண்டு காவலர்கள் வருவார்கள், ஆளைத் தூக்கிப் பின்னால் கிடத்துவார்கள், இருவருமே முன்னால் ஏறி உட்கார்ந்து வண்டியை விரட்டுவார்கள். பின்னால் நோயாளி தனியே கிடப்பார்.

நீங்கள் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் இதை உங்களிடம் சொல்லவேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பது ஓட்டுநருக்குப் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நினைவு தப்பி மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டால், நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். எந்த வேகமும் அதை முந்தாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து தாடையைப் பிடித்திருந்தால் போதும், வண்டி நிதானமாகவே போகலாம்.

அந்த ஊர் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. டேவிட் லாரன்ஸ் அந்நகரத்தின் மேயராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர், பிறகு பென்சில்வேனியாவின் ஆளுநராக இருந்தவர். 1966 நவம்பர் 4 அன்று ஒரு தேர்தல் கூட்டத்து மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். போலீஸ் வேனில்தான் ஏற்றினார்கள். மருத்துவமனையில் இதயம் திரும்பத் துடித்தது, ஆனால் மூளைக்கு உயிர்க்காற்று போகாமல் இருந்த நிமிடங்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. நவம்பர் 21 அன்று இறந்தார். ஆளுநராக இருந்தவருக்கே அந்த வேன்தான் என்றால், மேட்டுத் தெருவில் இருந்த ஏழைக்கு என்ன கிடைத்திருக்கும்!

கேள்வி: ஃப்ரீடம் ஹவுஸ் எப்படித் தொடங்கியது? எங்கள் பாடப் புத்தகத்தில் இது இல்லை, மேடம். விரிவாகச் சொல்லுங்கள்.
– செவிலியர் படிப்பு முதலாண்டு மாணவி

பதில்: விரிவாகவே சொல்கிறேன் மகளே. உன் வயதில் எனக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டியது இது.

அந்த மேட்டுக்கு ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. 1950-களின் கடைசியில் அதன் கீழ்ப்பாதியை இடித்துத் தள்ளி, பெரிய உள்ளரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். மீதமிருந்த மேல்பாதியில் வேலை இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கூப்பிட்டால் போலீஸ் வேன் வருவதற்கு நேரமாகும், சில சமயம் வராது. வந்தாலும் அது போலீஸ் வேன். அதில் ஏற எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அந்த ஊரில் ஃபில் ஹாலன் என்பவர் மாரிஸ் ஃபாக் மருத்துவ நிதியத்தின் தலைவராக இருந்தார். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஜேம்ஸ் மெக்காய் என்பவர் ஹில் பகுதி மக்களுக்கு வேலை தேடித் தர ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பை நடத்திவந்தார். மூன்றாவது ஆள், மயக்கவியல் மருத்துவர் பீட்டர் ஸஃபார். அவர் வியன்னாவில் பிறந்தவர். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முறைதான் சிறந்தது என்று 1950-களில் பால்டிமோரில் நிரூபித்தவர். எப்படி நிரூபித்தார் தெரியுமா? தாமாக முன்வந்த ஆட்களுக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுத் தசைகள் இயங்காதபடி மருந்து செலுத்தி, மருத்துவம் தெரியாத சாதாரண ஆட்களை விட்டு ஊதச் சொல்லி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையவில்லை என்று அளந்து காட்டினார். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை. அன்று படுத்துக் கிடந்தவர்களின் துணிச்சலால்தான் நீயும் நானும் அதைக் கற்றுக்கொண்டோம்.

உங்கள் பயிற்சி அறையில் முதலுதவி பழக ஒரு பொம்மை இருக்குமே, அதிலும் அவர் கை இருக்கிறது. நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த லேர்டால் என்பவர்தான் 1960-இல் அதைச் செய்தார். நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் வையுங்கள், அழுத்திப் பழகட்டும் என்று யோசனை சொன்னது ஸஃபார். அடுத்த தடவை அழுத்தும்போது உள்ளங்கைக்குக் கீழே அந்த ஸ்பிரிங் திமிறுவதைக் கவனி.

1966-இல், லாரன்ஸ் இறந்த அதே ஆண்டில், ஸஃபாரின் சின்ன மகள் எலிசபெத் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். ஊருக்கெல்லாம் மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் வீட்டில் மூச்சு முட்டி ஒரு குழந்தை. இதைப் படித்துவிட்டு நான் நூலகத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஸஃபார் அந்தத் துக்கத்தோடு வேலையில் இறங்கினார். 1967-இல் மூவரும் சேர்ந்தார்கள். மருத்துவமனைக்கு ஆளை ஏற்றிப்போகிற வண்டியாக ஹாலன் மனத்தில் இருந்ததை, மருத்துவமனையே ஆளைத் தேடி வருகிற வண்டியாக ஸஃபார் மாற்றினார். வண்டிக்குள் என்னென்ன இருக்கவேண்டும், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வேலை செய்ய எங்கே இடம் விடவேண்டும் என்பதெல்லாம் அவர் யோசனை.

இந்த வேலைக்கு அவர் டாக்டர்களையோ நர்ஸ்களையோ கேட்கவில்லை. ஹில் டிஸ்ட்ரிக்ட் இளைஞர்களையே எடுத்துக்கொண்டார். உருப்படமாட்டார்கள் என்று ஊர் கைவிட்டவர்கள். வியட்நாமிலிருந்து திரும்பிச் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் சிலர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் சிலர். 32 வாரம், 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர்., நர்சிங், வண்டியைப் பத்திரமாக ஓட்டுவது. பள்ளியை முடிக்காதவர்கள் கூடவே அந்தப் படிப்பையும் முடித்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் வேறு எந்த ஊர் ஆம்புலன்ஸ்காரருக்கும் இவ்வளவு பயிற்சி கிடையாது.

1968-இல் வண்டி தெருவில் இறங்கியது. 911 என்ற அவசர எண்ணில் முதல் அழைப்பு அலபாமாவின் ஒரு சிற்றூரிலிருந்து போனதும் அதே 1968-இல்தான். எவ்வளவு சமீபத்திய விஷயம் பார்! முதல் ஆண்டில் மட்டும் சுமார் 5,800 அழைப்புகளுக்குப் போனார்கள். அதில் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஸஃபார் திரட்டிய கணக்கு சொல்கிறது. 1972-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஆபத்தான நிலையில் இருந்த நோயாளிகளுக்குச் சரியான சிகிச்சை கிடைத்ததா என்று பார்த்தார்கள். போலீஸ் வேனில் 38 சதவீதம், தன்னார்வ ஆம்புலன்ஸ்களில் 13 சதவீதம், ஃப்ரீடம் ஹவுஸ் வண்டிகளில் 89 சதவீதம்.

ஹைன்ஸ் மையத்தில் அவர்கள் புகைப்படங்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். எல்லாரும் சின்னப் பையன்கள். சீருடையில் நிமிர்ந்து நிற்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் நிற்கிற விதமே தனி.

கேள்வி: இதில் பெண்கள் யாரும் இல்லையா அக்கா?
– இல்லத்தரசி ஒருவர்

பதில்: உண்டு. நான்சி கேரலைன் என்ற பெண் மருத்துவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. ஸஃபாரிடம் தீவிர சிகிச்சை கற்க வந்தவர். 1974-இல் ஃப்ரீடம் ஹவுஸின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது வயது முப்பதுதான். மேசையில் உட்கார்ந்து கையெழுத்து போடுகிறவர் இல்லை; வண்டியில் ஏறிக் கூடவே போவார், நிலையத்திலேயே தூங்குவார், நள்ளிரவில் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாலும் பதில் வரும். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பையன்களை உட்காரவைத்துக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படி ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார், அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் காலத்தில் ஜான் மூன் என்ற இளைஞர் அங்கே இருந்தார். மருத்துவமனையில் ஆர்டர்லியாக இருந்தவர், ஃப்ரீடம் ஹவுஸ் சீருடையில் இரண்டு பேர் ஒரு நோயாளியோடு உள்ளே நுழைந்த தோரணையைப் பார்த்து, நானும் அப்படி ஆகவேண்டும் என்று வந்தவர். மருத்துவமனைக்கு வெளியே மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்ட அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில், அதாவது ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றவர்களில், அவரும் ஒருவர். டியூப் போடுவதை நான் பல நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில், சரியான உயரக் கட்டிலில், கையில் கருவி எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தும் டாக்டர்களுக்கே வியர்க்கும். ஒரு வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, பிளேடால் நாக்கை ஒதுக்கி, அந்தச் சின்ன வெள்ளை வாசலைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அதன் பிறகு பார்க்கிற அந்த ஒரு விநாடி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாடு முழுவதும் பாராமெடிக்குகளுக்கு ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று மத்திய அரசு முடிவு செய்தபோது, அதை எழுதும் பொறுப்பு நான்சிக்கு வந்தது. ஃப்ரீடம் ஹவுஸ் பையன்களை வைத்துத்தான் அதைச் சோதித்துப் பார்த்தார். நான்சி பிறகு இஸ்ரேல் போய் அங்குள்ள ஆம்புலன்ஸ் சேவைக்கும் மருத்துவ இயக்குநரானார், ஆப்பிரிக்காவிலும் பணி செய்தார். 2002-இல் காலமானார்.

கேள்வி: இவ்வளவு நன்றாக நடந்ததை ஏன் மூடினார்கள்?
– வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நானும் அந்த நிலையத்தில் கேட்டேன். அந்த இளைஞர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நகர நிர்வாகம் ஃப்ரீடம் ஹவுஸை ஹில் பகுதிக்கும் பக்கத்து ஓக்லண்ட் போன்ற சில பகுதிகளுக்கும் மட்டும்தான் அனுமதித்தது. மற்ற இடங்களில் பழையபடி போலீஸ் வேன். வசதியான வெள்ளைக்காரப் பகுதிகளில் இருந்தவர்களுக்கு மெல்ல விஷயம் புரிந்தது: ஏழைகள் தெருவுக்கு வருவது நம் தெருவுக்கு வருவதைவிட நல்ல வண்டி! போலீஸில் சிலர் இவர்களுக்குத் தகவலே கொடுக்கமாட்டார்கள். பையன்கள் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டு, முந்திப்போய் நிற்பார்கள். கறுப்பர் கை என்மேல் படக்கூடாது என்று மறுத்த நோயாளிகளும் இருந்திருக்கிறார்கள். மூச்சுக்குத் திணறும்போதுகூட! வார்டில் இந்த மாதிரிப் பேச்சை வேறு உருவத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அதனால் இதைப் படித்தபோது அதிர்ச்சி வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

மேயர் பீட் ஃபிளாஹர்ட்டி நகரத்துக்கென்று சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார். 1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. தன் ஆட்களை வேலைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று நான்சி சண்டை போட்டதால் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புதிது புதிதாகத் தேர்வுகள் வந்தன, பழைய வழக்குகளைக் காரணம் காட்டிச் சிலரை நிறுத்தினார்கள், அனுபவம் குறைந்தவர்களுக்குக் கீழே இவர்களைப் போட்டார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். நாடு முழுவதற்கும் பாடம் எழுத உதவியவர்களுக்கு, சொந்த ஊரில் நடந்தது இது.

ஜான் மூன் மட்டும் விடாப்பிடியாக இருந்தார். அந்த நகரச் சேவையிலேயே படிப்படியாக உயர்ந்து துணைத் தலைவராகி, 2009-இல் ஓய்வு பெற்றார். அவர் வேலைக்கு எடுத்த அமேரா கில்கிறிஸ்ட் என்ற பெண் பின்னாளில் அதே சேவையின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். 2020-இல் யு.பி.எம்.சி. மருத்துவமனை நிறுவனம் 'ஃப்ரீடம் ஹவுஸ் 2.0' என்ற பெயரில், வசதியற்ற பகுதிகளின் இளைஞர்களுக்கு ஆம்புலன்ஸ் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இவ்வளவு காலம் கழித்தாவது அந்தப் பெயர் திரும்ப வந்ததே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

கேள்வி: அங்கே ஆம்புலன்ஸ் இலவசமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டி பில் வருவது சாதாரணம். எதிர்பாராத மருத்துவ பில்களிலிருந்து நோயாளிகளைக் காக்க 2022-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அதில் சேரவில்லை. பில்லுக்குப் பயந்து நெஞ்சுவலியோடு டாக்சி பிடித்துப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இவ்வளவும் கண்டுபிடித்த நாட்டில் இது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: என் கணவர் வீட்டிலேயே மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, விசிறிக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் உயிர் இல்லை என்றார்கள். நான் செய்தது தவறா? என்னால் இதை மறக்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் அவரை விட்டு நகரவில்லை. கையில் இருந்ததை வைத்துச் செய்தீர்கள். அன்று என்ன நடந்தது, எது செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சு சட்டென்று நின்றுபோனால், எல்லாம் தெரிந்தவர்கள் சுற்றி நிற்கும்போதும் பலரை எங்களால் திருப்பிக் கொண்டுவர முடிந்ததில்லை. கற்றுக்கொடுக்காத ஒன்றைச் செய்யவில்லை என்று உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள். ஸஃபாருக்கு முன்னால் பெரிய டாக்டர்களே முதுகை அழுத்துவதும் கையைத் தூக்கி இறக்குவதும்தான் மூச்சு கொடுக்கும் வழி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நினைவில்லாதவருக்குத் தலையணை வேண்டாம். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். மல்லாத்திப் படுக்கவைத்து, ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையின் விரலால் முகவாயைத் தூக்கினால் நாக்கு விலகி வழி திறக்கும். மூச்சு ஒழுங்காக இருந்தால் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

மூச்சு இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு தடவை இழுக்கிறது என்றால், அது மூச்சில் சேராது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும். கட்டிலில் இருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்ற கை. முழங்கை மடங்கக்கூடாது, உடம்பின் பாரம் இறங்கவேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் ஊதத் தேவையில்லை, அழுத்தினாலே போதும்.

இதைப் படித்து மட்டும் கை பழகாது. சி.பி.ஆர். வகுப்பு எங்கே நடந்தாலும் ஒரு நாள் போய் அந்த ஸ்பிரிங் பொம்மைமேல் செய்து பாருங்கள். போகும்போது பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு நிமிடம் அழுத்தினாலே கை ஓய்ந்துவிடும், மாற்றிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.